ராஜா தாவியது தப்பாம்

செல்வி, மோகன், இதைக் கேட்டால் உங்களுக்கும் கோபம் வரும்.

தண்டலத்தில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. எதிரே பள்ளிக்கூட வாசலில், சென்னையிலிருந்து வந்த செஸ் மாஸ்டர் ஒருவர் வருகிறவர்களோடெல்லாம் வேக ஆட்டம் ஆடுகிறார். நமக்கு ஐந்து நிமிடம், அவருக்கு ஒரே நிமிடம். நானும் உட்காருகிறேன்.

முதலிலேயே அவர் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார். நம் ஊரில் ஒரு கட்டம்தான். பெரிய மனிதர், போகட்டும் என்று விடுகிறேன். அவசரத்தில் அவர் யானையை இழக்கிறார். கடிகாரத்தில் அவருடைய நேரமும் தீரப் போகிறது. ஜெயித்துவிடுவேன் போலிருக்கிறது. என் ராஜாவைக் குதிரை மாதிரித் தாவ வைக்கிறேன். ஆட்டத்துக்கு ஒரு தடவை ராஜா அப்படித் தாவலாம் என்றுதானே நாம் வீட்டில் ஆடுகிறோம்?

அவர் கடிகாரத்தை நிறுத்துகிறார். "தப்பான நகர்த்தல். நீங்க தோத்துட்டீங்க. அடுத்தவர் வாங்க."

"சார், வேற நகர்த்தறேன்."

"ரூல்ஸ் தெரியாதவங்க ஏன் வந்து உட்கார்றீங்க?"

பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்து வேடிக்கை பார்க்க நின்ற காக்கிச் சட்டைக்காரர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சார், இங்க எல்லாரும் அப்டித்தான் ஆடிக்கினு கீறோம். ஒக்கார சொல்லோவே ரூல்ஸ சொல்றதுதானே? தோக்கற டைம்லதான் ரூல்ஸ் ஞாபகம் வருதா?"

மாஸ்டர் அடுத்த ஆட்டத்துக்குக் காய்களை அடுக்குகிறார். அவருடைய விதி அவருக்கு இருக்கட்டும், பிள்ளைகளே. அதைச் சொல்லாமலே ஒருவனைத் தோற்கடிப்பது எந்த ஊர் நியாயம்?

பஸ்ஸுக்குப் பின்னால் மண்ணில் கட்டம் கீறி, கற்களை வைத்து, ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தனியாக ஆடுகிறேன். இரண்டு பக்கத்துக்கும் நானே. ராஜாவைத் தாவ விடாமல், அவருடைய விதிப்படியே. மாஸ்டரின் ராஜா மாட்டிக்கொண்ட பிறகுதான் எழுந்திருக்கிறேன்.