வடக்கு ஏரியின் வாளை

இன்று காலை ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையில் ஈரக் கோணியின் மேல் ஒரு பெரிய வாளை மீன் கிடந்தது. அதன் நீண்ட மீசை இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அந்தச் சேற்று வாடை என்னை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் ரங்கூனுக்குக் கொண்டுபோனது. எனக்கு அப்போது ஏழெட்டு வயது.

அப்பா ரயில்வேயில் பிட்டர். மழைக்காலம் ஓய்ந்ததும் ஞாயிறுதோறும் என்னையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வடக்கே உள்ள ஏரிக்குப் போவார். தவளையைக் கோத்துத் தூண்டில் போடுவார். தண்ணீருக்கடியில் மரவேர்கள் நிறைய. பல வருடமாக அவருக்கு வேர்தான் சிக்கியது, வாளை சிக்கவில்லை.

“என்ன மச்சான், இன்னைக்கும் வேர்க் கொழம்பா?” என்பார் கூட வரும் சின்னப்பன் மாமா.

“சத்தம் போடாத மாப்ள. மீன் ஓடிரும்.”

நான் பேசவே மாட்டேன். வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்பேன். பள்ளியில் என்னை ஊமை என்றார்கள்.

ஒரு நாள் அப்பாவும் மாமாவும் காற்றுக்கு முதுகு காட்டிச் சுருட்டுப் பற்றவைத்தபோது, கரையில் ஊன்றியிருந்த மூங்கில் கழி வில்லாக வளைந்தது.

“அப்பா! வாளை!” என்று கத்தினேன். கொக்குகளெல்லாம் எழுந்து பறந்தன.

அப்பா கழியைப் பார்க்கவில்லை. வாயில் சுருட்டோடு என்னையே பார்த்தார். கழி பிடுங்கிக்கொண்டு ஏரிக்குள் போயிற்று.

“போச்சே மச்சான்! எட்டிப் புடிச்சிருக்கலாமே!”

“போகட்டும்டா. எம் பொண்ணு கத்துனாளே, கேட்டியா?”

வழியில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் நிறுத்தி அதையே சொன்னார். மீன் போனதை யாரிடமும் சொல்லவில்லை. நான் வெட்கத்தில் அவர் கைலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே வந்தேன். இன்று சந்தை நடுவிலும் அதே வெட்கம் வந்தது. சிரித்துக்கொண்டே நடந்தேன்.