கைக்கட்டைப் பார்க்க யாரும் வரவில்லை

பயிற்சியாளர் மைக்கேல் அண்ணன் சொல்வதைச் சில வருஷங்களாகவே நான் நம்பவில்லை. நம்பவில்லை என்று வெளியே சொன்னதும் இல்லை. குத்துச்சண்டையில் என் வேலை கை கட்டுவது. கையுறை மாட்டுவதற்கு முன் விரல் முட்டிகளையும் மணிக்கட்டையும் துணியும் டேப்பும் சுற்றி இறுக்குவேன். சந்தேகத்தின் மேல் நடக்கிற தொழில் இது. தொழில்முறைச் சண்டை என்றால் எதிராளி தரப்பிலிருந்து ஒருவர் வந்து, உள்ளே எதையும் ஒளிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். கட்டி முடித்ததும் டேப் மேல் கையெழுத்துப் போடுவார். இந்தத் தொழிலில் இருந்துகொண்டு நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது, மேலே இருப்பவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிப் பழகியவர்களுக்குப் புரியும்.

பனியன்

செல்வம் ராமநாதபுரத்திலிருந்து பினாங்குக்குப் பிழைக்க வந்தவன். சூலியா தெருவில், சோற்றின் மேல் பல குழம்புகளைக் கலந்து ஊற்றித் தரும் ஒரு நாசி கண்டார் கடையில் கோழி வெட்டிக் குழம்பு ஊற்றும் வேலை. கடை ஓய்ந்த நேரத்தில், சுங்கை பினாங்கில் மைக்கேல் அண்ணன் நடத்தும் பயிற்சிக்கூடத்துக்கு வருவான். அமெச்சூர் சண்டைகளில் தலைக்கவசமும் பனியனும் போட்டுக்கொண்டு புள்ளி எடுத்தே ஜெயித்தான். கால்களில் அப்படி ஒரு வேகம். அடியில் கனம் இல்லை. யாரையும் விழ வைத்ததில்லை.

தொழில்முறைக்கு மாறலாம் என்று அண்ணன் சொன்னபோது எனக்குத்தான் பயமாக இருந்தது. அவன் தலைக்கவசம் போவதைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. பனியனும் கிடையாது என்றதும்தான் முகம் மாறியது. "அண்ணே, கடைக்கு வர்ற அக்காங்கல்லாம் பாப்பாங்கண்ணே."

பட்டினி

எடை பார்க்கும் நாள் நெருங்கினால் அவன் வாயைக் கட்ட வேண்டும். நிற்பதோ சோற்றுப் பானைக்கு முன்னால். நிச்சயம் திருட்டுத்தனமாகச் சாப்பிடுவான் என்று நினைத்துக் கடையின் மூலை மேசையில் போய் உட்கார்ந்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் நாலு வகைக் குழம்பைக் கலந்து ஊற்றினான். தன் வாயில் ஒரு ஐஸ் துண்டை மட்டும் அடக்கிக்கொண்டான். முதலாளி பாய் எனக்குத் தேநீர் வைத்துவிட்டு, என் பார்வை போகும் இடத்தைக் கவனித்தார். "நீங்க வேற காவலுக்கு வந்துட்டீங்களா? ஊத்துறவனே சாப்பிடலன்னா வர்றவங்க என் கறியப் பத்தி என்னா நெனப்பாங்க?"

பாலத்தில் நெரிசல்

முதல் தொழில்முறைச் சண்டை. டேப்பைப் பிரிக்காமல் வெகுநேரம் காத்திருந்தேன். கைக்கட்டைப் பார்க்க அந்தப் பக்கத்து ஆள் வரவில்லை. பாலத்தில் கார் நெரிசல், மாட்டிக்கொண்டார்கள், நீ கட்டு என்றார் மைக்கேல் அண்ணன். எதிராளி பக்கத்து அறையில்தான் இருந்தான். அவன் இருமுவது எனக்குக் கேட்டது. இரண்டாவது சுற்றில் செல்வத்தின் இடது கை அவன் விலாவில் பட்டது. உட்கார்ந்தவன் எழவில்லை. எனக்கு அது தொட்டது போலத்தான் தெரிந்தது. இன்னொருவன் விலாவுக்குள் போய்ப் பார்க்க முடியுமா? நான்தான் கோணல் புத்திக்காரனோ என்று நினைத்தேன்.

அடுத்தடுத்த சண்டைகளிலும் எதிராளிகள் விழுந்தார்கள். அவற்றுக்கும் கைக்கட்டைப் பார்க்க யாரும் வரவில்லை. ஒருமுறை அண்ணனிடம் லேசாகக் கேட்டுவைத்தேன். "அவங்க நம்மள நம்புறாங்க லா. அதுக்கும் சந்தேகமா ஒனக்கு?"

இடது கை

ஜெயிக்க ஜெயிக்க செல்வம் மாறினான். ஓடி விளையாடிய கால்கள் நின்றுவிட்டன. நின்ற இடத்தில் நின்று, இடது கையை ஓங்கக் காத்திருந்தான். கடையில் வாடிக்கையாளர்கள் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருநாள் பயிற்சியில், தொப்பை குறைக்க வரும் கெலுகோர்க்காரர் ஒருவரோடு மோதினான். அவர் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர். இடது கை அவர் விலாவில் முழுசாக இறங்கியது. அவர் ஒரு அடி பின்னால் போனார், திரும்பி வந்தார். சுற்று முடிந்ததும் பல்காப்பைக் கழற்றிவிட்டு, செல்வத்துக்குக் கேட்காமல் என்னிடம் வந்து மரியாதையாகக் கேட்டார். "அண்ணே, இதானா அந்த அடி?"

வந்தவர்

போன மாதம் பெரிய சண்டை. எதிராளி கோலாலம்பூர்க்காரன். அவனிடம் கடைசியாகத் தோற்றவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனதைக் கைப்பேசியில் எல்லோரும் பார்த்திருந்தோம். நான் டேப்பை எடுப்பதற்கு முன்பே அவன் தரப்பிலிருந்து ஒல்லியான ஒருவர் உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு எங்கள் முழங்காலுக்கு எதிரே உட்கார்ந்தார். இடது கையைக் கட்டும்போது ஒவ்வொரு சுற்றையும் பார்த்தார். முட்டிகளை அழுத்திப் பார்த்து, ஓர் இடத்தைப் பிரித்துத் திரும்பக் கட்டச் சொன்னார். பிறகுதான் கையெழுத்துப் போட்டார். இத்தனை சண்டை ஜெயித்த செல்வம் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் குரல் இறங்கிவிட்டது. "யாருண்ணே இவரு? எதுக்கு நம்ம கைய இப்படிப் பாக்குறாரு?"

நான் டேப் சுருளோடு எழுந்து, நடைவழியில் நின்ற மைக்கேல் அண்ணனிடம் போனேன். நம்மை நம்பாத ஒருவர் வந்து எதிரே உட்கார்ந்த பிறகுதான் சண்டை நிஜம் என்று தெரிகிற தொழில் இது.

"அண்ணே, இவன் இதுவரைக்கும் யாரையாச்சும் நெசமா அடிச்சி விழ வெச்சிருக்கானா? சொல்லுங்க, அப்புறம் வலது கையக் கட்டலாமா வேணாமான்னு பாக்குறேன்."