பேசக் கூடாத ஆறு நிமிடம்

பவானிபூரில் எங்கள் தெரு முனையில், மருந்துக்கடையை ஒட்டிய சுவரில், தினமும் பெங்காலி செய்தித்தாளை விரித்து ஒட்டிவைப்பார்கள். காலையில் காய் வாங்கப் போகும்போது என் கணவர் அதன் முன்னால் நின்றுவிடுவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, தலையங்கத்தையே எடைபோடுகிற தோரணையில் நிற்பார். நான் பையோடு பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்து, "வர்றீங்களா, இல்ல அந்தப் பேப்பரோடயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?" என்று கத்துவேன். அதற்குப் பிறகுதான் அசைவார்.

ஒருநாள் எனக்குச் சுருக்கென்றது. இந்த மனுஷனுக்குப் பெங்காலி படிக்கத் தெரியாதே! துறைமுக அலுவலகத்தில் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தவர், ரிட்டயரும் ஆகிவிட்டார். மீன்காரரிடம் பேரம் பேசுவார், எதிர்வீட்டுக்காரரோடு கால்பந்துக்காகச் சண்டை போடுவார், எல்லாம் பெங்காலியில்தான். ஆனால் ஓர் எழுத்து வாசிக்க வராது. பஸ்ஸில் எழுதியிருப்பதைக்கூட என்னைக் கேட்டுத்தான் ஏறுவார்.

நான் திரும்பி வந்து பக்கத்தில் நின்றேன். "என்ன போட்டிருக்கான் இன்னைக்கு?"

"அதான், எலெக்‌ஷன் பத்தி."

"எங்க, அந்தப் பெரிய எழுத்தைப் படிங்க பாப்போம்."

அவர் கை மெல்ல வலது கெண்டைக்காலுக்குப் போனது. "கால் இழுக்குதும்மா. கொஞ்சம் நின்னா சரியாயிடுது. அதான் நிக்கிறேன்."

"எத்தனை நாளா?"

"போன பூஜைக்கு முன்னாடியிருந்து."

அடப்பாவி மனுஷா! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர் சுவரில் ஒட்டிய பேப்பருக்குப் பின்னால் மறைத்திருக்கிறார். மிட்டாய்க் கடை வாசலில் நின்றது, மூடிக்கிடக்கும் தையல்கடையின் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றது எல்லாம் ஒவ்வொன்றாக எனக்கு விளங்கியது. காய் வாங்கும் பையைக்கூட வீட்டில் வைக்காமல் அப்படியே ஆட்டோ பிடித்து அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

அலிப்பூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. டாக்டர் எங்கள் மகள் வயதுப் பெண். கையில் ரத்த அழுத்தம் பார்த்தாள், பிறகு கணுக்காலிலும் பார்த்தாள். கணுக்காலில் ரொம்பக் குறைவாக இருந்தது. காலுக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயில் அடைப்பு, நடக்கும்போது தசைக்குப் போதுமான ரத்தம் போய்ச் சேரவில்லை, அதுதான் வலி என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "காலில் அடைத்தது இதயத்திலும் அடைத்திருக்கலாம் மாசிமா, எல்லாம் ஒரே குழாய் வேலைதானே" என்று, என்னைச் சித்தி முறை வைத்துச் சொல்லி, அதற்கும் பரிசோதனை எழுதினாள். அங்கேயும் அடைப்பு இருந்தது. உடனே பயப்படும்படி இல்லை, மாத்திரை போதும் என்றார்கள். ஆனாலும் எனக்கு அதுதான் பயம்.

அவருக்கு வேறு பயம். அவருடைய அண்ணனுக்கு ஊரில் இதே மாதிரி ஆரம்பித்துக் கடைசியில் முட்டிக்குக் கீழே காலையே எடுத்தார்கள். இது அந்த அளவுக்கு முற்றவில்லை என்று டாக்டர் எவ்வளவோ சொன்னாள். இவர் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் சிகரெட் பெட்டியை ஜன்னல் வழியே எறிந்துவிட்டு, "என்னை அந்த ஆபரேஷன் மேஜையில படுக்க வச்சிடாதம்மா" என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து என்னிடம் எதற்கும் கெஞ்சாத மனுஷன்.

அந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. இப்படிக் கால் குழாய் அடைத்தவர்களில் ஒரு பாதிக்கு உடனே பலூன் விட்டு அடைப்பை விரிப்பது. மறு பாதிக்கு மருந்தோடு நடைப்பயிற்சி மட்டும் கொடுத்துப் பார்ப்பது. குளிர்காலம் வரை பொறுத்து, எது நல்லது என்று அளப்பது. நடைப்பயிற்சியில் தேறாதவர்களுக்கு அப்புறம் பலூனோ ஆபரேஷனோ. யாருக்கு எது என்பதை டாக்டர் முடிவு செய்யமாட்டாள், கம்ப்யூட்டர்தான் சீட்டுக் குலுக்கிப் போடுமாம். டாக்டர் பொறுமையாக எல்லாம் விளக்கி, வேண்டாமென்றால் வேண்டாம் என்றும் சொன்னாள். இவர் சேர்ந்தார். இவருக்கு நடை விழுந்தது.

இவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கோ எரிச்சல். "நடக்க முடியலன்னுதானே வந்தோம்? நடங்கன்னு சொல்றதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி?" என்று டாக்டரிடமே கேட்டேன். அவள் சிரித்தாள். நடக்க நடக்க அடைப்பைச் சுற்றிச் சின்னச் சின்னக் குழாய்கள் வழி கொடுக்கப் பழகும், தசையும் கிடைக்கிற ரத்தத்தை வைத்துச் சமாளிக்கக் கற்றுக்கொள்ளும் என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை. வலி வந்ததும் நின்றுவிடக் கூடாது. வலியோடு இன்னும் கொஞ்சம் நடந்து, தாங்கவே முடியாத நிலைக்குச் சற்று முன்னால்தான் நிற்க வேண்டும். வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும். சில நாள் ஆஸ்பத்திரியில், அவர்கள் கண்முன்னால். மற்ற நாள் வீட்டைச் சுற்றி, என்னோடு.

பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்ட ஆரம்பித்திருந்த சமயம். நடைபாதையில் பாதியைப் பந்தல்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், மீதியைக் கடைக்காரர்கள். நாங்கள் இருவரும் பார்க்கைச் சுற்றி நடப்போம். முதல் சுற்றிலேயே அவர் உதட்டைக் கடிப்பார். எனக்குத் தெரிந்துவிடும். வாழ்நாளெல்லாம் "சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க" என்று விரட்டியவள் நான். இப்போது விரட்ட வேண்டிய நேரத்தில் எனக்கு, "போதுங்க, உக்காருங்க" என்று வாய்வரை வரும். அந்த நெற்றி வியர்வையைப் பார்த்துக்கொண்டு ஒரு மனுஷனை மேலே நட என்று சொல்ல எந்தப் பெண்டாட்டிக்கு மனசு வரும்? ஆனால் உட்காரச் சொன்னால் கடைசியில் அந்த மேஜைதான். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் அவரை நடக்கவைத்தேன். திட்டினேன்.

"கால் வலிக்குதா? எனக்குக் காது வலிக்குது உங்க பெருமூச்சைக் கேட்டு. நடங்க!"

"உங்கம்மா உங்களைப் பெத்தாங்களா, இல்ல ஆமை கிட்ட வாங்குனாங்களா?"

"அந்தத் தாடிக்காரர் உங்களைவிடப் பெரியவர், ரெண்டு தடவை தாண்டிப் போயிட்டார். வெக்கமா இல்ல?"

வங்கி கவுண்ட்டரில் இருபது வருஷம் கத்திப் பழகிய தொண்டை. பார்க்கில் ஒருவருக்கும் தமிழ் புரியாது, ஆனால் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. எதிர்வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து சிரிப்பார். இவர் வலியோடு நடந்துகொண்டே, "பொறு, கால் சரியாகட்டும், முதல்ல உன்னைவிட்டு ஓடிப்போறேன்" என்பார். ஓடுங்கள், அதற்குத்தானே இந்தப் பாடு என்பேன் நான்.

பூஜை முடிந்து சில வாரங்களில் நடுவே ஒரு சோதனை வந்தது. நீளமான தாழ்வாரத்தில் இரண்டு பக்கமும் ஆரஞ்சு நிறக் கூம்பு வைத்திருப்பார்கள். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார், எங்கே நிற்கிறார் என்று கணக்கெடுப்பார்கள். சோதனையை நடத்துகிற பெண் கையில் ஸ்டாப்வாட்ச். ஒவ்வொரு நிமிடத்துக்கும் அவள் ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள்: "நன்றாகச் செய்கிறீர்கள், தொடருங்கள்." மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன் பெயரைச் சொல்கிற குரல், உணர்ச்சியே கிடையாது. எல்லோருக்கும் அதே வார்த்தை, அதே தொனி. வேறு யாரும் உற்சாகப்படுத்தக் கூடாது என்று என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள். நானும் தலையாட்டியிருந்தேன்.

இவர் பாதியில் நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன, சுவத்துக்கு முட்டுக் குடுக்கறீங்களா? விழுந்துடாது, நடங்க!" என்று ஒரு போடு போட்டேன். இவர் உடனே சுவரை விட்டு நடந்தார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கூடவே நடந்து, அவருடைய நடை, அவருடைய வம்சம், அவருடைய அண்ணன் தம்பிகள் ஒருவர் விடாமல் எல்லோரையும் இழுத்துத் திட்டினேன். மனுஷன் ஜோராக நடந்து முடித்தார்.

அந்தப் பெண் தலையில் கைவைத்துக்கொண்டாள். "மாசிமா, உற்சாகப்படுத்தக் கூடாதுன்னு சொன்னேனே!"

"நான் எங்க உற்சாகப்படுத்தினேன்? திட்டினேன்."

"என்ன திட்டினீங்க?"

சொன்னேன், பெங்காலியில். தாழ்வாரத்தில் காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் கணக்கை அடித்துவிட்டாள். நான் மாசிமா என்றால் இவர் அவளுக்கு மேசோமஷாய், சித்தப்பா. "நீங்க திட்டத் திட்ட மேசோமஷாய் வேகமா நடக்கிறார் மாசிமா. மத்தவங்களுக்கெல்லாம் நான் சொல்ற ஒரு வாக்கியம்தான். இவருக்கு மட்டும் நீங்க இருந்தா எது நல்ல சிகிச்சைன்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?" நியாயம்தான். இன்னொரு நாள் வரச்சொல்லி மறுபடி நடக்கவைத்தார்கள். என்னை கேன்டீனுக்கு அனுப்பிவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். அன்று அவர் இருமுறை நின்றாராம்.

அப்போதுதான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது. நான் இல்லாவிட்டால் நடக்கமாட்டார் போலிருக்கிறது. கடைசிச் சோதனையிலும் இப்படியே இரண்டு இடத்தில் நின்றால் மேஜைதான். இதயத்திலும் அடைப்பு உள்ள மனுஷன் அந்த மேஜையைத் தாங்குவாரா? திட்டுவதைக் குறைக்கவில்லை. இன்னும் சத்தமாகத் திட்டினேன். வீட்டில் அவர் தூங்கிய பிறகு அவர் கெண்டைக்காலை மெல்லத் தொட்டுப் பார்ப்பேன், ரத்தம் ஓடுகிற சூடு இருக்கிறதா என்று.

குளிர் வந்தது. பவானிபூர் முழுக்கக் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டது. இவரும் போட்டுக்கொண்டார். கடைசிச் சோதனை அன்று காலை ஆட்டோவில் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

தாழ்வாரத்தின் கதவை மூடினார்கள். நான் வெளியே பெஞ்சில். உட்கார்ந்த இடத்தில் யாரையாவது பிடித்துப் பேசாமல் என்னால் இருக்க முடியாது. பக்கத்தில் ஒரு பெரியம்மா அதற்குத் தயாராகவும் இருந்தாள். ஆனால் என் குரல் கதவைத் தாண்டி உள்ளே போய்விட்டால்? இதையும் அடித்துவிட்டால்? புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டேன். முருகா, இந்த ஒரு தடவை, என் திட்டு இல்லாமல் நடக்கவை, அப்புறம் அவரை நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். முருகனுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

உள்ளே அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. நன்றாகச் செய்கிறீர்கள், தொடருங்கள். காலடிச் சத்தம் வந்தது, போனது, வந்தது. மறுபடி அவள் குரல். காலடிச் சத்தம் நிற்கவில்லை. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். மறுபடி அதே வாக்கியம். அதற்குப் பிறகு காலடிச் சத்தம் திரும்பாமல் நேராகக் கதவை நோக்கி வந்தது. பின்னாலேயே, "மேசோமஷாய்! மேசோமஷாய்! கூம்பைத் தாண்டக் கூடாது!" என்று அவள் ஓடிவருகிற சத்தம்.

கதவு திறந்தது. இவர் நின்றார், மூச்சு வாங்க, குல்லா ஒரு பக்கம் சரிந்து. நடந்த நேரமெல்லாம் ஒருமுறைகூட நிற்காதவர், எங்கள் தலையெழுத்தையே தீர்மானிக்கிற அந்தச் சோதனையைப் பாதியில் விட்டுவிட்டு என் முன்னால் வந்து குனிந்தார். முகம் வெளுத்திருந்தது.

"என்னம்மா ஆச்சு உனக்கு? சத்தமே காணோமே!"

அந்தப் பெண் ஸ்டாப்வாட்சோடு வாசலில் நின்றாள். அரை மணி உட்காரவைத்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம், இவ்வளவு தூரம் நிற்காமல் வந்தவருக்கு இனி ஆபரேஷன் பேச்சே வேண்டியிருக்காது என்று அவள் சொன்னதெல்லாம் எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அப்போது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெரியம்மா, வார்டுபாய், காத்திருக்கிறவர்கள் எல்லோரும் பார்க்க, ஓவென்று அழுதேன். திட்ட ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.