தள்ளும் பக்கத்துக்கு ஒரு கைப்பிடி

கதவு மேடம் தன் சம்பந்தியின் மூக்கைக் கதவால் உடைத்துவிட்டார் என்பதுதான் முதலில் கிளம்பிய செய்தி. அடுத்த தெருவுக்குப் போவதற்குள் மூக்கோடு ஒரு பல்லும் சேர்ந்துகொண்டது. பேருந்து நிறுத்தத்தில் கேட்டவர்களுக்கு, அது தற்செயல் இல்லை, கைப்பிடி விஷயத்தில் இருவருக்கும் நடந்த வாய்ச்சண்டைக்குத் தீர்த்துக்கொண்ட கணக்கு என்ற உபரித் தகவலும் கிடைத்தது.

மூக்கு சம்பந்தப்பட்ட செய்தியை மூக்கிடமே விசாரிப்பதுதான் நியாயம். சம்பந்தியின் மூக்கு இருந்த இடத்தில் இருந்தவாக்கில் இருக்கிறது. கொஞ்சம் விடைத்திருந்தது, அது பிறவியிலேயே அப்படித்தான் என்று அவர் வீட்டார் சொல்கிறார்கள். பற்கள் ஒழுங்காக வருகை தந்திருந்தன. உடைந்தது மூக்குக் கண்ணாடியின் வலப்பக்கக் கம்பி. அதைக் கண்ணாடிக் கடைக்காரர் ஒட்டிக் கொடுத்தும் விட்டார். ஆக, வதந்தியில் மூக்கு பொய், பல் பொய், பழி பொய். அந்தக் கதவைத் தேர்ந்தெடுத்தது கதவு மேடம் என்பது மட்டும் மெய்.

மேடத்துக்குத் தொழில், பெரிய கட்டடங்களுக்குக் கதவுச் சாமான் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது. கீல், பூட்டு, கைப்பிடி, கதவைத் தானாக மூடவைக்கும் ஸ்பிரிங், அடியில் காலால் உதைபடும் இடத்துக்குத் தகடு, எல்லாம் அதில் அடக்கம். இளம் வயதில் ஒரு ஹார்டுவேர் கடையில் விலைப்பட்டியல் தட்டச்சு செய்ய வந்தவர். முதலாளிக்குக் கையெழுத்து வராது, விற்பனையாளருக்குக் கணக்கு வராது. இரண்டும் வந்த மேடம் மெல்ல நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டார். இப்போது கடையே அவரிடம் கேட்டுத்தான் தும்முகிறது.

ஆஸ்பத்திரி என்றால் நுனி உள்ளே வளைந்த கைப்பிடிதான் எழுதிக் கொடுப்பார். நீட்டிக்கொண்டிருந்தால் நர்சுகளின் சட்டைக்கை மாட்டிக் கிழியும். கைப்பிடியைக் காட்டி யாராவது நன்றாக இருக்கிறது என்றால் இரண்டு கையிலும் பையைக் கொடுத்து, "இப்ப முழங்கையால திறங்க பார்க்கலாம்" என்பார். மகளைக் கொடுக்கப்போகும் வீட்டுக்கு முதல்முறை போனபோது எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். இவர் குளியலறைத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்து, "பையன் பரவாயில்லை, தாழ்ப்பாள் தலைகீழா இருக்கு" என்று கணவரிடம் கிசுகிசுத்தார். கல்யாணம் நடந்தது. தாழ்ப்பாளும் திருத்தப்பட்டது.

மாப்பிள்ளையின் அப்பாவான அந்தச் சம்பந்தி ஓய்வு பெற்றதும் சேமிப்பையெல்லாம் கொட்டி மூன்று மாடி வணிகக் கட்டடம் ஒன்று எழுப்பினார். தரைத்தளத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் வாடகைக்கு வருவதாகப் பேச்சு. கதவுகளுக்கு வேறு யாரைக் கூப்பிடுவது? குடும்பத்திலேயே ஆள் இருக்கிறதே என்று கூப்பிட்டார். குடும்பத்து ஆளைக் கூப்பிட்டால் பேரம் பேச முடியாது என்பது கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது.

வாசலுக்குப் பெரிய கண்ணாடிக் கதவு. தெருவிலிருந்து வருகிறவர் இழுக்க வேண்டும், உள்ளேயிருந்து போகிறவர் தள்ள வேண்டும்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பளபளன்னு கைப்பிடி வைங்க, சம்பந்தியம்மா. பார்க்க லட்சணமா இருக்கும்."

"வெளியில வைக்கறேன். உள்பக்கம் வேண்டாம். கைப்பிடியைக் கண்டா ஜனங்க இழுப்பாங்க, சம்பந்தி. இது தள்ளற பக்கம். அப்புறம் 'தள்ளு'ன்னு ஸ்டிக்கர் ஒட்டணும். ஸ்டிக்கர் ஒட்டின கதவு பெயிலான கதவு."

"படிக்கத் தெரிஞ்சவங்கதானே வரப்போறாங்க."

"படிக்கத் தெரிஞ்சவங்கதான் முதல்ல இழுப்பாங்க."

வெளிப்பக்கம் ஆளுயரக் கைப்பிடி ஒன்று ஏறியது. உள்பக்கம் அதன் போல்ட்டுகளை மறைக்க இரண்டு வட்ட மூடிகள் மட்டும், பொத்தானிட்ட சட்டைபோல.

கதவு மாட்டிய அடுத்த வாரம் அது நடந்தது. பெயிண்டர் உள்ளேயிருந்து கதவை லேசாகத் தள்ளினார். மீதியைக் காற்று பார்த்துக்கொண்டது. கதவு அவர் கையை விட்டுப் பறந்து, படியில் நின்று தன் கட்டடத்தின் அழகை அண்ணாந்து ரசித்துக்கொண்டிருந்த சம்பந்தியின் முகத்தில் போய் நின்றது.

கதவு அடித்தது கண்ணாடிக் கம்பியைத்தான். சத்தம் கேட்டது மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.

"அம்மா, மாமா உன்னை ஒண்ணும் திட்டலை" என்று மகள் போனில் ஆரம்பித்தாள். அந்த ஆரம்பமே சரியில்லை. "சாப்பிட உட்கார்ந்தா என்னைத்தான் பார்க்கறார். 'உங்க வீட்டுல படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்'ங்கறார். தண்ணி கேட்டாக்கூட அதைச் சொல்லிட்டுத்தான் கேக்கறார்."

"மாப்பிள்ளை என்ன சொல்றார்?"

"அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிடறார். இதைக் கேளு. திங்கட்கிழமை அந்த லேப்காரங்க வந்து பார்க்கறாங்களாம். வயசானவங்க வர்ற இடம், வாசல் கதவு ஆளை அடிக்குதுன்னு கேள்விப்பட்டோமேன்னு கேட்டிருக்காங்க. அவங்க வேண்டாம்னு போயிட்டா நான் இந்த வீட்டுல எப்படிம்மா சோறு எடுத்து வாய்ல வைக்கறது?"

மேடம் போனை வைத்துவிட்டுக் கணவரிடம், "கதவுல தப்பு இல்ல. மாட்டினதுல ஏதோ தப்பு" என்றார். கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "அப்ப சரி" என்றார். இவ்வளவு வருட இல்வாழ்க்கையில் அந்த 'அப்ப சரி'க்கு என்ன பொருள் என்று மேடத்துக்குத் தெரியும். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மாட்டினவர் ஃபிட்டர். எப்போதும் இடுப்பில் தொங்குவதால் ஸ்பேனர் என்றே பெயராகிவிட்டவர். மேடம் அவரைக் கட்டடத்துக்கு வரச் சொன்னார். மட்டம் வைத்துப் பார்த்தார்கள். சட்டம் நேர், கீல் நேர், தரைக்குள் புதைத்த ஸ்பிரிங்கும் நேர். கதவு இறகுபோலத் திறந்து, பூனைபோல மூடியது.

"மேடம், நீங்க வந்தது காலையில. அது சாயங்காலம்தான் பேயாட்டம் ஆடுது" என்றார் ஸ்பேனர்.

"அப்ப சாயங்காலம் வரைக்கும் உட்காருவோம்."

பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு வாசலில் உட்கார்ந்தார். வெயில் சாய்ந்தது. பக்கத்துச் சந்துக்கு இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள், சந்தின் அந்தக் கோடியில் திறந்த மைதானம். மைதானத்துக் காற்று முழுவதும் அந்தச் சந்துக்குள் புகுந்து, நசுங்கி, கோபத்தோடு சுவரை ஒட்டி இந்த வாசலுக்கு வந்து, கதவு கொஞ்சம் திறந்ததும் அதன் உள்பக்கம் புகுந்தது. மேடம் உள்ளே போய்க் கதவைத் தள்ளினார். கண்ணாடியில் பதிந்த உள்ளங்கை வழுக்கியது. கதவு போயேபோய்விட்டது. பிடித்து நிறுத்த உள்பக்கம் ஒரு பிடிமானமும் இல்லை.

கதவின் அகலம் பார்த்து, எடை பார்த்து, கேட்லாக்கில் அதற்கு நேரே இருந்த ஸ்பிரிங்கை எழுதிக் கொடுத்திருந்தார். கடை மேசையில் காற்று அடிப்பதில்லை. வரைபடத்திலும் சந்து ஒரு கோடுதான்.

"இன்னும் கொஞ்சம் கெட்டி ஸ்பிரிங்கா போட்டுடலாமா மேடம்?"

"ரொம்பக் கெட்டியா போட்டா ரத்தம் குடுத்துட்டு வர்ற கிழவி தள்ள முடியாம உள்ளேயே இருப்பா. ஒரு சைஸ் கூட்டு. முழுசாத் திறக்கறதுக்கு முன்னாடியே இழுத்துப் பிடிக்கற வகை போடு." மேடம் அந்த இரண்டு மூடிகளையும் விரலால் தட்டினார். "உள்பக்கம் கைப்பிடி வேணும். தள்ளறவங்க கையில கதவு இருக்கணும்."

ஸ்பேனர் சிரிப்பை விழுங்கினார். விழுங்கியது தொண்டையிலேயே நின்றதால் இருமினார்.

இங்கேதான் சிக்கல். அது சூட்டில் பதப்படுத்திய கண்ணாடி. துளைகளெல்லாம் தொழிற்சாலையிலேயே போட்டுவிட வேண்டும். இங்கே வந்தபின் டிரில்லை வைத்தால் கதவு அரிசிப்பொரிபோலக் கொட்டும். இருக்கிற இரண்டு துளைக்குப் பொருந்துகிற ஜோடிக் கைப்பிடிதான் வேண்டும். அந்த மாடலைக் கம்பெனி நிறுத்திவிட்டது. ஊரில் அந்த ஜோடி இருந்தது ஒரே ஒரு வாசலில். மேடத்தின் கடைக்கு எதிரே, மேடத்தோடு ஆயுள்காலப் போட்டியில் இருந்த எதிர்க்கடையின் வாசல்.

எதிர்க்கடைக்காரர் வாய் நிறையச் சிரித்தார்.

"வாங்க மேடம். தள்ளற பக்கம் கைப்பிடி வைக்கறவன் முட்டாள்னு ஊரெல்லாம் பாடம் எடுக்கறீங்களாமே."

"எடுத்தேன். இப்ப டியூஷனுக்கு வந்திருக்கேன். உங்க உள்பக்கத்துக் கைப்பிடி வேணும்."

"என் கதவுல இருந்தா?"

"உங்க வாசல்ல காத்தே இல்ல. உங்களுக்கு அது அலங்காரம்."

"அலங்காரமோ அகங்காரமோ, என்னோடது. எதுக்குன்னு சொல்லுங்க."

மேடம் சொன்னார். கேட்லாக், சந்து, மகளின் சாப்பாட்டுத் தட்டு, எதையும் மறைக்கவில்லை. எதிர்க்கடைக்காரருக்கும் கட்டிக்கொடுத்த பெண் ஒருத்தி உண்டு. சிரிப்பை மடித்து வைத்துவிட்டு, "கழட்டிக்கோங்க. அடுத்த வாரம் திரும்பி வரணும்" என்றார். சம்பந்தியின் கதவிலிருந்த இரண்டு மூடிகளையும் அவர் கதவில் போட்டுக் கொடுத்தார் ஸ்பேனர்.

ஞாயிற்றுக்கிழமை கைப்பிடி ஏறியது. சம்பந்தி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"நான் அப்பவே சொன்னேன், சம்பந்தியம்மா."

"லட்சணத்துக்குச் சொன்னீங்க. நான் காத்துக்கு வைக்கறேன்."

"எதுக்கோ. சொன்னேன்ல?"

"சொன்னீங்க" என்றார் மேடம். "காத்து எந்தப் பக்கம் வருதுன்னு நான் பார்க்காம விட்டுட்டேன். அது என் தப்பு. இதையும் சாப்பிடும்போது சொல்லிடுங்க."

சம்பந்தி ஒட்டிய கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்துத் தன் கையாலேயே ஒட்டினார். 'தள்ளு'. மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை மாலை லேப் மேலாளர் அம்மாள் வந்தார். காற்றும் வந்தது. உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு, ஸ்டிக்கருக்கு நேரே நின்று கைப்பிடியை இழுத்தார். வரவில்லை. பிறகு தள்ளினார். கதவு அவர் கையோடு போய், அவர் கையோடு திரும்பியது. "பரவாயில்லையே" என்றார். அடுத்து அவர் கேட்டது தண்ணீர்த் தொட்டியைப் பற்றி. அன்றிரவே வாடகைக்குச் சரி என்று தகவல் வந்தது.

"அம்மா, மாமா இன்னிக்கு ரெண்டாவது தடவை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்."

"என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"கைப்பிடி நான் அப்பவே சொன்னேன்னு சொன்னார். அவங்களும் தப்பை ஒத்துக்கிட்டாங்கன்னார். அப்புறம் என்கிட்ட, 'நீ சாப்பிட்டியாம்மா'ன்னு கேட்டார்."

லேப் இப்போது ஜோராக நடக்கிறது. எல்லோரும் முதலில் இழுக்கிறார்கள், பிறகு தள்ளுகிறார்கள், யாரையும் கதவு அடிக்கவில்லை. எதிர்க்கடைக் கதவின் உள்பக்கம் மட்டும் இன்னும் மொட்டையாகவே இருக்கிறது. மேடம் வேறு கைப்பிடி வரவழைத்தார், துளை பொருந்தவில்லை. இன்னொன்று வந்தது, நிறம் வேறு. போன வியாழக்கிழமையும் எதிர்க்கடைக்காரர் தெருவைத் தாண்டி வந்தார்.

"மேடம், என் கைப்பிடி."

"உங்க ஜனங்கதான் தயங்காம தள்ளிட்டுப் போறாங்களே. அது இல்லாம நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. எனக்கு என் கைப்பிடி வேணும்."

"அடுத்த லோடுல வந்துரும்" என்றார் மேடம். லோடு நேற்று வந்து இறங்கியது. அதில் கீல்கள்தான் இருந்தன.