கீழே விழாத கல்

சனூனின் வான் வண்டியில் ஏறி ஓடினாள் என்றா சொல்லுகிறீர்கள்? ஓடுகிறவள் பட்டப்பகலில் முற்றம் கூட்டுவாளா? தண்ணீர்க் குடத்தைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாளா? பத்து வயதுப் பிள்ளைக்கு இரட்டைப் பின்னல் பின்னி, கையில் பிடித்துக்கொண்டு, கீரி ஊர்த் தெருவின் நடுவால் நடந்து பஸ்ஸுக்குப் போவாளா? றஞ்சிதா அப்படித்தான் போனாள். கண்டவர்கள் எல்லாரும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். வாய்தான் இல்லை.

சரி, அந்த வான் கதையையே முதலில் எடுப்போம். அவளுடைய புருஷன் கடலுக்குப் போய் ஏழு வருஷம். ஆளும் வரவில்லை, வள்ளமும் வரவில்லை. செத்தவனுக்கு வைக்கிற பூசையை வைக்க அவளுக்கு மனமும் வரவில்லை. மகள் மதுஷிகாவை வளர்க்க நண்டுக் கம்பனிக்குப் போனாள். அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிற வேலை. ஓடு கிழித்து விரல் நுனியெல்லாம் வெடிப்பு. பின்னேரம் கம்பனி வான் பெண்களை ஏற்றி வந்து சந்தி சந்தியாக இறக்கும். கீரிதான் கடைசி. அதனால் மிஞ்சுகிறவர்கள் அவளும், வான் ஓட்டுகிற தாராபுரத்துச் சனூனும். முன்னால் பதினொரு பெண்கள் இறங்கியதை ஊர் பார்க்கவில்லை, அந்தக் கடைசி இறக்கத்தைத்தான் பார்த்தது. தெரு நாய்களுக்கு அவள் பயந்தவள் என்று, அவள் படலையைத் திறக்கும்வரை அவன் வானை நிறுத்தி வைத்திருப்பான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான்.

ஊர் பார்க்காதது வேறொன்று. கோயில் சபையின் தலைவர் எட்வேட் மூப்பர், தை மாதத்து மத்தியானம் ஒன்றில், பையில் விளைமீனோடு அவள் வாசலுக்கு வந்தார். பிள்ளை பள்ளிக்கூடத்தில்.

"தனியச் சமாளிக்கிறது கஷ்டமல்லோ றஞ்சிதா? நான் ஒருத்தன் இருக்கிறன்தானே."

"மீனை வாசல்ல வையுங்கோ அண்ணை. நீங்கள் தந்தனீங்கள் எண்டு உங்கட மனிசி பெற்றிசியா அக்காவிட்டைச் சொல்லுறன்."

மூப்பர் சிரித்துக்கொண்டு கதவு நிலையில் கையை வைத்தார், காலை உள்ளே வைத்தார். அவள் இரண்டு கையாலும் கதவை அடித்துச் சாத்தினாள். கால் தப்பியது, நடுவிரல் தப்பவில்லை. வள்ளத்து இஞ்சினில் அடிபட்டது என்று மனைவியிடம் சொன்னார். விரலில் இஞ்சின் எண்ணெய்க் கறை இல்லை; பெற்றிசியா சீலை கிழித்துச் சுற்றிவிட்டாள். நகம் கறுத்துப்போய் நின்றது. அடுத்த கிழமையே வான் கதை ஊரில் கிளம்பியது.

றஞ்சிதா வாய் திறக்கவில்லை. பயம் என்று நினைக்காதீர்கள். வைகாசியில் மதுஷிகாவுக்கு முதல் நன்மை, முதன்முறையாக நற்கருணை வாங்குகிற நாள். பெயர்ப் பட்டியல் மூப்பரின் கையில். புதிதாக வந்த பங்குச் சுவாமிக்கு மூன்று கோயில் பார்க்க வேண்டியிருந்ததால் எல்லாவற்றையும் சபையிடமே விட்டிருந்தார். பிள்ளை வெள்ளைச் சட்டையும் முடியும் போட்டு மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்க வேண்டும். அது நடக்கும்வரை எதையும் பொறுக்கலாம் என்று அவள் பல்லைக் கடித்தாள்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசுகாலத்தில் அந்தக் கோயில் முற்றத்தில் ஊமைக்காட்சி போடுவார்கள். ஒருவர் வேதாகமம் வாசிப்பார், மற்றவர்கள் பேசாமல் நடிப்பார்கள். மண்மேடையில் வாய் திறப்பது தோஷம். எட்டு வருஷமாக யேசுவின் முகத்தைத் துடைக்கிற வெரோணிக்காள் றஞ்சிதாதான். அந்த முறை ஒத்திகையில் மூப்பர் சொன்னார்:

"வெரோணிக்காளுக்கு வேற ஆள் பாத்தாச்சு. நீ, விபசாரத்தில பிடிச்சுக் கல்லெறியக் கொண்டுவாற பொம்பிளை."

"அவளுக்கு நடிக்கத் தேவையில்லை, சும்மா இருந்தாலே காணும்," என்றாள் பக்கத்து வீட்டு றோஸ்மேரி. சிரிப்பு.

பட்டியலை நினைத்து றஞ்சிதா தலையாட்டினாள்.

தபசின் ஐந்தாம் வெள்ளி பின்னேரம். கடற்கரையில் பொறுக்கிய முருகைக்கற்களோடு பன்னிரண்டு ஆண்கள் சுற்றி நிற்க, அவள் தலைமயிரை அவிழ்த்துவிட்டு மண்ணில் முழங்காலில் இருந்தாள். உங்களில் பாவமில்லாதவன் முதல் கல்லை எறியட்டும் என்று யேசு சொல்லுகிற இடம் வந்தது. வாசித்தது மறைக்கல்வி படிப்பிக்கிற றொஷான். அந்த வரிக்கு வயதில் மூத்தவர் முதலில் கல்லைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள், வயதுப்படி. மூத்தவர் போடாமல் இளையவர் போட்டால் அவமரியாதை. காலம் காலமாக அப்படித்தான்.

மூத்தவர் எட்வேட் மூப்பர். அவர் போடவில்லை.

றொஷான் வரியைத் திரும்ப வாசித்தான். மூப்பர் கல்லோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நின்றதால் பதினொரு பேரும் நின்றார்கள். முன்வரிசையில் மதுஷிகா எழும்பி நின்றாள். "அம்மா," என்றாள், மெதுவாக.

இந்தப் பதினொரு பேரில் ஒருவன் அவளுக்கு மச்சான் முறை. இரண்டு பேர் அவள் புருஷனோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர்கள். ஒருவனாவது கையை விரிப்பான் என்று அவள் பார்த்தாள். ஒருவரும் விரிக்கவில்லை. கதவுக்குள் வந்த மூப்பரின் கால்கூட அவளுக்கு அவ்வளவு அருவருப்பைத் தரவில்லை.

அவள் எழும்பினாள். காட்சியில் இல்லாதது அது. மூப்பருக்கு முன்னால் போய் அவருடைய கையைப் பிடித்து, விரல் விரலாக விரித்தாள். கல்லை எடுத்து மண்ணில் வைத்தாள். கையை விடவில்லை. கறுத்த நகத்தோடு அந்த நடுவிரலைச் சனத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள். மூப்பர் கையை இழுத்தார், இழுக்க முடியவில்லை. நண்டு உடைக்கிற கை. பெண்கள் பக்கத்தில் பெற்றிசியா முக்காட்டை இழுத்து முகத்தை மூடினாள்.

பிறகு விட்டாள். தலைமயிரை முடிந்துகொண்டு மேடையை விட்டு இறங்கினாள்.

அடுத்த நாள் றோஸ்மேரி படலையில் நின்று சொன்னாள்: "ஊமைக்காட்சியைக் குழப்பிப்போட்டாய் எண்டு சபை சொல்லுது. மதுஷிகாவின்ர பேரை எடுத்தாச்சு. வாற வருசம் பாப்பமாம்."

"நல்லது," என்றாள் றஞ்சிதா. "இனி ஒண்டுக்கும் பயப்பிடத் தேவையில்லை."

கம்பனி வானும் அவளுக்கு வருவது நின்றது. அவனுடைய உம்மா அழுததால் சனூன் வேறு வழி ஓடக் கேட்டிருந்தான்; கீரிக்கு ஓட வேறு ஆள் இல்லை. அவனும் பிள்ளைகுட்டிக்காரன், என்ன செய்வான்? அரிப்பு என்கிற ஊரில் கருவாடு போடுகிற இடத்தில் வேலை இருந்தது. அங்கேயும் கோயில் இருந்தது, மதுஷிகா நன்மை வாங்க.

திங்கட்கிழமை காலை அவள் பெட்டியைக் கட்டும்போது பெற்றிசியா பின்வாசலால் வந்தாள்.

"போகாதை பிள்ளை. போனியெண்டா அவையள் சொன்னது உண்மையாப்போடும்."

"இருந்தனான்தானே அக்கா. இருக்கேக்கயும் அதைத்தான் சொன்னவை."

பெற்றிசியா பெட்டியின் மேல் கையை வைத்தாள். "இஞ்சின்ல அடிபட்டதெண்டுதான் அவர் சொன்னவர்."

"சீலை சுத்தினது நீங்கள். உங்களுக்குத் தெரியும்."

பெற்றிசியா முக்காட்டைத் தலைக்கு இழுத்தாள். வந்த பின்வாசலாலேயே போனாள்.

றஞ்சிதா முற்றம் கூட்டினாள். குடத்தைக் கவிழ்த்தாள். பெட்டியைத் தலையில் வைத்தாள்.

"பின்பக்கத்தாலயோ அம்மா?" என்று மதுஷிகா கேட்டாள்.

"ஏன் பின்பக்கத்தால?" என்று சொல்லி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்கதவால் வெளியே வந்தாள்.