கல்லில் காணாமல் போன கடைசிப் பெயர்

எங்க கண்டமங்கலம் பக்கத்தில் சுதந்திரம் ரெண்டு தடவை வரும். ஆகஸ்டு பதினைந்து எங்களுக்கு. பதினாறு, ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கிற பாண்டிச்சேரி ஊருக்கு. பாண்டிச்சேரி இந்தியாவோடு சேரட்டும் என்று அந்தக் காலத்தில் ஓட்டுப் போட்டவர்கள் பெயரையெல்லாம் அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பதினாறாம் தேதி அவர்களுக்கு விழா, அந்த ஊருக்கு லீவு. எங்க பள்ளிக்கூடத்துக்குக் கிடையாது.

அந்தக் கல்லுக்குக் கீழே இருக்கிற சுவருக்கு வெள்ளையடிப்பதும், எழுத்துப் பள்ளத்தில் கருப்புப் பெயிண்ட் விடுவதும் எங்க அப்பா வேலை. படிக்கத் தெரியாது. விரலால் தடவித் தடவியே விடுவார். ஒரு பொட்டு வெளியே வழியாது. நான் நாலாவது படித்த வருஷம், பதினைந்தாம் தேதி மிட்டாய் வாங்கிய கையோடு அவர்கூடப் போனேன்.

வேலை முடிந்தது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. பூட்டின கதவை மூணு தடவை இழுத்துப் பார்க்கிற புத்தி அப்பவே உண்டு. வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் நம்பர் இருந்தது, பெயர் இல்லை.

"அப்பா, ஒரு பேரு காணோம்."

"கல்லுலேர்ந்து எங்கடி எழுந்து போவும்? ஜல்தி வா."

ஆணியால் சுரண்டினேன். சுண்ணாம்பு உதிர்ந்து உள்ளே எழுத்து தெரிந்தது. அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். சுவருக்கு அடிக்கும்போது எத்தனை வருஷமாகவோ அவர் வெள்ளையடிக்கிற மட்டையே அந்தப் பெயரை மூடிக்கொண்டு வந்திருக்கிறது.

"நானே பொதைச்சிட்டேனே பாப்பா."

பொழுது சாய்கிற மட்டும் சுரண்டினார். தூறலில் நான் துண்டை விரித்துப் பிடிக்க, பெயிண்ட் விட்டார். காயுமா? ராத்திரியெல்லாம் எனக்கு அதே கவலை. காலையில் பையோடு கிளம்பி, பள்ளிக்கூடம் போகாமல் ரோட்டைத் தாண்டினேன். டீச்சர் அடியைவிட, அப்பாவுக்கு வேலை போய்விடுமோ என்கிற பயம் பெரிசு.

கொடியேற்றுவதற்கு முன்னால் ஒரு வயசான அம்மா வந்தார். அந்தக் கடைசிப் பெயர்க்காரரின் சம்சாரமாம். குனிந்து, பார்க்காமலே அந்த இடத்தைத் தொட்டார். விரல் கருப்பாக வந்தது.

"இன்னா பெயிண்டரே, ஈரத்தோட உட்டுக்கினு போயிட்ட!" என்று அப்பாவை வேலைக்கு வைத்த மேஸ்திரி கத்தினார்.

பக்கத்தில் நின்ற அப்பா மண்ணெண்ணெய்த் துணியை நீட்டினார். "தொடைச்சிக்கோங்கம்மா. தப்பு என்னுதுதான். பேரை மூடுனதும் நான்தான்."

நான் அப்பா சட்டையைப் பிடித்து இழுத்தேன். அதை எதற்குச் சொல்ல வேண்டும்?

அந்தம்மா விரலையே பார்த்தார். "இருக்கட்டும்பா. இத்தினி வருஷமா சுண்ணாம்பத்தான் தொட்டுக்கினு போனேன்."

"ஆயா இப்பதான் ஓட்டுப் போட்டுக்கினு வருது!" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மேஸ்திரி கொடிக்கயிற்றைப் பார்க்கப் போய்விட்டார். அப்பாவுக்கு வேலை போகவில்லை.

ஆறாவதோடு நின்றவள் நான். படித்ததில் உருப்படியாகப் படித்தது அந்த ஒரு வரிதான். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கவேயில்லை. ஒரு சொட்டு மண்ணெண்ணெய் போதும், கறை போய்விடும். அந்தம்மாவோ விழாவில் கொடுத்த லட்டை இடது கையில் வாங்கிக்கொண்டு, வலது விரல் புடவையில் படாமல் தூக்கிப் பிடித்தபடியே பஸ் ஏறிப் போனார்.