ஐம்பத்தொரு தேங்காய்

சாலைக் கடைத்தெருவில் பெட்டி ஆட்டோ ஓட்டுகிறேன். அரிசி, ஆணி, துணி, எதை ஏற்றினாலும் போவேன். மகள் கல்லூரியில் பாட்டுக்குழு வைத்திருக்கிறாள். அவர்களுடைய டிரம்ஸும் என் வண்டியில்தான் போகும். ராக் பாட்டு என்பார்கள். எனக்கு இரும்புக்கடையில் தகடு இறக்குகிற சத்தம்.

எனக்கு ஒரு நடிகர் மேல் பைத்தியம். ரசிகர் சங்கத்தில் பதினெட்டு வருஷம். அவருக்குக் காய்ச்சல் என்று டிவியில் சொன்ன அன்று பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். மூன்றாம் நாள் அவர் எழுந்துவிட்டார்.

கல்லூரி விழாவுக்கு முந்தின நாள் டிரம்ஸ் எடுக்கப் போனேன். மாடியில் பாடிக்கொண்டிருந்தார்கள். படியில் நின்று கேட்டேன்.

‘தலைவனுக்குக் காய்ச்சல், தேங்காய் பதினொண்ணு. வீட்டுக்காரிக்குக் காய்ச்சல், மாத்திரை ஒண்ணுமில்ல.’

மாடியில் எல்லோரும் சிரித்தார்கள். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பதினொன்று இல்லை. ஐம்பத்தொன்று.

உள்ளே போனேன். சத்தம் நின்றது.

“அப்பா எப்போ வந்தீங்க?”

“இப்போதான்.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. மற்றவர்களிடம் மலையாளத்தில் சொன்னாள், “ஆ பாட்டு வேண்டா.” அந்தப் பாட்டு வேண்டாமாம். டிரம்ஸ் அடிக்கிறவள் தலையில் கை வைத்தாள். அவர்களிடம் உருப்படியாக இருந்தது அந்த ஒரு பாட்டுதான். மற்றதெல்லாம் நானும் கேட்டிருக்கிறேன்.

பாடு மக்ளே என்று சொல்லியிருக்கலாம். கோபத்தில் சொல்கிறேன் என்று நினைப்பாள். எங்கள் வீட்டில் சாப்பிட்டியா, லைட்டை அணை, இவ்வளவுதான் பேச்சு.

எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். சங்கத்து ஆட்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு விழாவுக்குப் போனேன். கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தினார்.

“ஆரா?”

“பாடுற பிள்ளையோட அச்சன்.”

“ஈ நாலு பேரோ?”

“அவங்களும்.”

உட்கார்ந்ததும் சங்கச் செயலாளர் கேட்டார், “என்ன வே செய்யணும்?”

“தேங்காய்ப் பாட்டுன்னு கத்தணும்.”

“எதப் பத்தி?”

“தலைவரப் பத்தி.”

பொய் இல்லை.

மகள் குழு ஏதோ இழுவைப் பாட்டை எடுத்தது. பிள்ளைகள் கூவிக் கேலி செய்ய ஆரம்பித்தார்கள். நாங்கள் ஐந்து பேரும் விசில் அடித்தோம். தியேட்டர் விசில். “தேங்காய்ப் பாட்டு” என்று கத்தினோம். பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள், எதற்கென்று தெரியாமலே. மகள் என்னைப் பார்த்தாள். நான் மறுபடி விசில் அடித்தேன்.

பாடினாள். அரங்கம் குலுங்கியது. செயலாளர் பை நிறைய வெட்டி வைத்திருந்த காகிதத்தை அள்ளி வீசினார். பதினொண்ணு என்ற இடத்தில் அவர் கை நின்றது.

“பதினொண்ணா? அன்னைக்கு நான்லா எண்ணிக் குடுத்தேன். சங்கத்துக்கே கேவலம் வே.”

“சொல்லும்” என்றேன்.

எழுந்து நின்று “அம்பத்தொண்ணு” என்று கத்தினார். அடுத்த தடவை மகள் ஐம்பத்தொன்று என்றே பாடினாள். டிரம்ஸ் தடுமாறி மறுபடி பிடித்தது.

திரும்பும்போது வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கிழக்கேகோட்டை வந்ததும் சொன்னாள்.

“அம்பத்தொண்ணு தாளத்துல நிக்காதுப்பா.”

“பதினொண்ணு தப்பு.”

சிக்னல் விழுந்தது. நிறுத்தினேன்.

“அம்மா காய்ச்சல்னு வர்ற வரி?”

“அது சரியாத்தான் இருக்கு” என்றேன்.